முகாமில் ஸ்கேன், பார்சலில் கால்: துணைக்கருவித் திட்டத்தை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

போன மாதம் எங்கள் பட்டறைக்கு உங்கள் சுற்றறிக்கை வந்தது. இனி செயற்கைக் கால், ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி), காலிப்பர் எதற்கும் பிளாஸ்டரில் அச்சு எடுக்க வேண்டியதில்லை என்கிறது அது. வட்டாரந்தோறும் முகாம் நடத்தி ஸ்கேனரில் அளவெடுத்து, வெளியூர் மையம் ஒன்றில் முப்பரிமாண பிரிண்டரில் செய்து, பயனாளியின் வீட்டுக்கே பார்சலில் அனுப்பப் போகிறீர்கள். எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு இதுவரை வந்த மானியம் மார்ச் மாதத்தோடு நிற்கிறது. ஒன்றரைப் பக்கம்தான். மூன்று முறை படித்தேன். செய்து வரும் கருவியை யார் போட்டுப் பார்ப்பது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

எனக்கு இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. 19 வயதில் லாரியில் கிளீனராகப் போனபோது இழந்தது. முதல் கால் போட்டுக்கொண்ட பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன், 26 வருடமாகிறது. நான் பட்டம் படித்தவன் இல்லை. இந்தக் கருவிகளை அளவெடுத்துப் பொருத்துவதற்கென்றே படித்த ஆர்த்தோட்டிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் வருவார்; அவர் சொல்கிறபடி அச்சு எடுத்து, மோல்டு திருத்தி, பி.பி. என்கிற பிளாஸ்டிக் ஷீட்டை அடுப்பில் சுடவைத்து இழுத்து, ராவித் தருகிற டெக்னீஷியன். காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்யும் வேலை என் காலை மாட்டுவது. அதனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் தெரிந்தவனாகத்தான் பேசுகிறேன்.

சோதனை முறையில் சித்திரையில் ஒரு முகாம் நடந்தது. நடத்திய மையத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த முகாமுக்குப் போன ஏழு வயதுப் பாப்பா ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு கெண்டைக்காலும் இறுகி, பாதம் கீழ்நோக்கி இழுக்கும். நிற்கவைத்தால் உள்பக்கமாகச் சரியும். நாலு வயதிலிருந்து எங்களிடம்தான் ஏ.எஃப்.ஓ. போட்டுக்கொண்டிருந்தாள். பழையது சிறிதாகிவிட்டது. புது மெஷினில் நல்லதாகச் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அளவெடுத்தது சித்திரையில். பார்சல் வந்தது ஆவணியில். உள்ளே இரண்டு ஏ.எஃப்.ஓ., எட்டு மணி நேரம் போட வேண்டும் என்று ஒரு தாள்.

பத்து நாள் கழித்து இடுப்பில் பிள்ளையோடு பட்டறைக்கு வந்தார். சாக்ஸைக் கழற்றப் போனேன், வரவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக உரித்தோம். உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின்மேல் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் புண். "புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான், பழகிட்டா சரியாப் போயிரும்னு நெனச்சேன் அண்ணே. அழுதா. நான்தான் அதட்டிப் போட்டுவிட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாமீது தப்பில்லை. ஏ.எஃப்.ஓ. கொடுக்கும்போது நாங்கள் சொல்லி அனுப்பும் முதல் பாடமே இதுதான்: முதல் நாள் அரைமணி நேரம் போடுங்கள், கழற்றிப் பாருங்கள், சிவந்திருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். இருபது நிமிடத்துக்குள் சிவப்பு மறைந்தால் சரி, மறையாவிட்டால் மறுபடி போடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். பார்சலில் வந்த தாளில் இந்த வரி இல்லை. இருந்தாலும் எங்கே கொண்டுபோவது என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஏன் அப்படி ஆனது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் சுற்றறிக்கையில் விட்டுப்போனது என்ன என்று அப்போதுதான் விளங்கும்.

மெஷின் பிழை செய்யவில்லை. முகாமில் பாப்பாவை அம்மா மடியில் உட்காரவைத்து, தொங்கவிட்ட காலைச் சுற்றி ஸ்கேனரைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. அந்த நேரத்தில் கால் எப்படிக் கோணியிருந்ததோ, அந்தக் கோணலை மில்லிமீட்டர் பிசகாமல் ஸ்கேனர் எடுத்தது, பிரிண்டர் அதே மாதிரி செய்து கொடுத்தது. ஏ.எஃப்.ஓ. போடுவதே அந்தக் கோணலை நிமிர்த்திப் பிடிக்கத்தான். இங்கே கோணலுக்கே சட்டை தைத்தாயிற்று. உள்ளே சரிந்த பாதத்தில் துருத்துகிற எலும்புக்கு இடம் விடவும் இல்லை. நாலு மாதத்தில் பாதம் வேறு வளர்ந்திருந்தது.

பிளாஸ்டரில் எடுக்கும்போது என்ன செய்கிறோம்? முட்டியை மடக்கினால் கெண்டைச் சதை கொஞ்சம் தளரும். குதிகாலை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நேராக்குவேன். இன்னொரு கை முன்பாதத்தை மெல்ல மேலே கொண்டுவரும். வேகமாகத் தூக்கினால் சதை வெட்டி இழுக்கும், பிள்ளை பயந்தால் இன்னும் இறுகும். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, விட்டு விட்டு, தொண்ணூறு டிகிரிக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டர் இறுகும்வரை நாலைந்து நிமிடம் கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கட்டுப் போடுவதற்கு முன்பே காலில் மெல்லிய உறை மாட்டி, எலும்பு எங்கெங்கே முட்டுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, ஈரத்தில் ஊதா நிறம் விடும் பென்சிலால் அந்த இடங்களை வட்டம் போட்டுவிடுவோம். அச்சை வெட்டிக் கழற்றினால் அந்த ஊதா வட்டங்கள் உள்பக்கம் பதிந்திருக்கும். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி மோல்டு எடுத்தால் அதன்மேலும் வரும். எங்கே பிளாஸ்டரைச் சேர்த்து இடம் விட வேண்டும், எங்கே ராவிப் பிடிப்புக் கொடுக்க வேண்டும் என்று அந்த வட்டம்தான் காட்டும்.

ஸ்கேனருக்குத் தெரிவது தோலின் மேற்பரப்பு மட்டும். அதற்கடியில் எங்கே எலும்பு, எங்கே நரம்பு, எது அழுத்தம் தாங்கும், எது தாங்காது என்பது தொட்டால்தான் தெரியும். இந்த ஊதா வட்டத்தை கம்ப்யூட்டரிலும் போடலாம். காலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே ஸ்கேன் எடுத்து, படத்தில் விழுந்த பிடித்தவரின் கையைப் பிறகு அழிக்கலாம். இதையெல்லாம் நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு அந்தக் காலைத் தொட்டுப் பார்த்த ஆள் ஒருவர் வேண்டும். ஃபைலைத் திருத்துகிறவர் அவராகவோ, அவர் சொல்லக் கேட்பவராகவோ இருக்க வேண்டும். சித்திரை முகாமில் ஸ்கேனரைப் பிடித்தவர்கள் இரண்டு நாள் பயிற்சி பெற்ற தம்பிகள். ஃபைலைத் திருத்தியவர் பாப்பாவைப் பார்த்ததே இல்லை.

கால் இழந்தவர்களுக்கு இது இன்னும் நுணுக்கமான விஷயம். என் ஸ்டம்ப், அதாவது வெட்டியதுபோக மிஞ்சிய கால், காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. காலையில் ஒரு சாக்ஸ் போதும், மதியத்துக்குமேல் இரண்டு. புதிதாகக் கால் எடுத்தவருக்கு முதல் சில மாதங்கள் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே வரும். ஸ்டம்ப் உள்ளே போய் உட்காரும் கூடுதான் சாக்கெட். அதில் முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநார் எடையைத் தாங்கும். அங்கே உள்வாங்கிச் செய்ய வேண்டும். முட்டிக்கு வெளிப்பக்கம் கீழே குமிழ்போல் இருக்கும் எலும்பை ஒட்டி நரம்பு போகிறது. அங்கே அழுத்தம் படக் கூடாது. இதெல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்க சாக்கெட்டின் அடியில் ஒரு சின்னக் களிமண் உருண்டையை வைத்து நிற்கச் சொல்வோம். கழற்றிப் பார்த்தால் உருண்டை தட்டையாகி நசுங்கியிருந்தால் அடியில் இடிக்கிறது. தொடவே இல்லை என்றால் ஸ்டம்ப் தொங்குகிறது, நாளடைவில் நுனி வீங்கும். அப்புறம் இரண்டு கம்பிக்கு நடுவில் நடக்கவிட்டு, பாதம் உள்ளே திரும்புகிறதா, முட்டி பின்னால் தள்ளுகிறதா என்று பார்த்து, பாதமும் சாக்கெட்டும் நிற்கும் கோணத்தை, அதாவது அலைன்மென்டை, திருத்துவோம். என் காலுக்கே நாலு டிரையல் ஆனது. பார்சலில் வந்த காலுக்கு எத்தனை டிரையல்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இப்போது எங்களிடம் கால் போட வருபவர்களில் சர்க்கரை நோயால் கால் இழந்தவர்கள் நிறைய. மிச்சமிருக்கும் காலிலும் உணர்ச்சி குறைந்திருக்கும். பாப்பா அழவாவது அழுதாள். இவர்களுக்குப் புண் வந்தாலும் தெரியாது. தொழுநோயாளிகளின் கை கால் அழிவுக்கு மூலகாரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் வேலை செய்த காலத்திலேயே எடுத்துச் சொன்னார். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கான மெத்து ரப்பர் செருப்பு (எம்.சி.ஆர்.) தைக்கிறவருக்குக்கூட, கழற்றிப் பாதத்தைப் பார்க்காமல் விடக்கூடாது என்று தெரியும்.

இதைப் படிக்கிறவர்கள், பிளாஸ்டர்காரன் பிழைப்புப் போகுமே என்று புது மெஷினை எதிர்க்கிறான் என நினைக்கக்கூடும். எனக்கு அந்த மெஷின் வேண்டும். எங்கள் பட்டறைக்கே வேண்டும். அடுப்பு வெடித்து முகம் வெந்த ஒரு பெண்ணுக்கு, தழும்பு தடித்து இழுக்காமலிருக்க முகத்தை அழுத்திப் பிடிக்கும் மாஸ்க் செய்ய வேண்டுமானால், வெந்த முகத்தில் ஈர பிளாஸ்டரைப் பூசுவதைவிட ஸ்கேன் எடுப்பது எவ்வளவோ மேல். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜோர்டானில் உள்ள தன் மருத்துவமனையில் இப்படித்தான் செய்திருக்கிறது. பிளாஸ்டர் வெட்டும் கட்டர் சத்தத்துக்கே வெடவெடக்கும் பிள்ளைகள் உண்டு; அவர்களுக்கும் இது வரம். எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த ஃபைல். நாங்கள் செய்யும் மோல்டு ஒரு முறைதான் உதவும். சாக்கெட்டை வெளியே எடுக்க அதை உளியால் உடைத்தாக வேண்டும். ஸ்கேன் ஃபைல் உடையாது. போன வருடம் கால் எப்படி இருந்தது, இந்த வருடம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளத்திலோ பஸ்ஸிலோ கால் தொலைந்தால் அதே ஃபைலில் இன்னொன்று செய்யலாம்.

இந்தத் தொழிலில் நல்லதாக நிலைத்த எதுவும், போட்டுக்கொள்கிறவரை வெளியே நிறுத்திவிட்டு உருவாகவில்லை. 1968-இல் ஜெய்ப்பூர் கால் பிறந்தபோது டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உழைத்தார்கள். சம்மணம் போட முடியவில்லை, குத்தவைக்க முடியவில்லை, வயலில் வெறுங்காலோடு இறங்க முடியவில்லை என்று நோயாளிகள் சொன்னதுதான் அந்தப் பாதத்தின் வடிவம். முப்பரிமாண அச்சில் வந்த கையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் 2011-இல் மெஷினில் விரல்களை இழந்தார். அமெரிக்காவிலிருந்த ஐவன் ஓவன் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். அதிலிருந்து வளர்ந்த கையின் வடிவத்தை 2013-இல் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று உலகத்துக்கே இலவசமாக விட்டார்கள். விரல் இழந்தவரே பட்டறையில் இருந்தார். உகாண்டாவின் கோர்சு மருத்துவமனையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குழந்தைகளுக்கு சாக்கெட் பிரிண்ட் செய்து பார்த்தபோது, ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டரில் திருத்தியவர்கள் அந்த மருத்துவமனையில் கால் செய்கிறவர்கள்தான். ஆள் பற்றாக்குறை நம்மைவிட அதிகமான நாடு அது. அங்கே மெஷினைப் பட்டறைக்குள் கொண்டுவந்தார்கள். நீங்கள் பட்டறையை மூடிவிட்டு மெஷினைக் கொண்டுவருகிறீர்கள்.

எந்தப் பொருளில் அச்சடிக்கிறார்கள் என்பதும் சுற்றறிக்கையில் இல்லை. எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு நல்ல மனதோடு மாணவர்கள் சிலர் கை ஒன்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஆசையாகப் போட்டுக்கொண்டு திரிந்தான். கத்திரி வெயிலில் ஒரு மதியம் நிறுத்தியிருந்த பைக்மேல் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றில் குளிக்கப் போனான். வந்து பார்த்தால் கட்டைவிரல் வளைந்துபோயிருந்தது. அதன்பின் அந்தக் கை எதையும் பிடிக்கவில்லை. பி.எல்.ஏ. என்ற அந்த பிளாஸ்டிக் 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். கை வளைந்தால் ஏமாற்றத்தோடு போயிற்று. கால் வளைந்தால் ஆள் விழுவார். அடுக்கடுக்காக உருக்கி வைத்துச் செய்யும் பொருள் அந்த அடுக்கு சேரும் கோட்டில்தான் முதலில் விரிசல் விடும். செயற்கைக் காலுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 10328 என்ற சோதனை இருக்கிறது; 30 லட்சம் முறை எடை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். பார்சலில் வரும் சாக்கெட் அந்தச் சோதனையைத் தாண்டியதா என்று கேட்கிற உரிமை அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப்போகிறவருக்கு உண்டு.

கடைசியாக, பாப்பாவின் விஷயத்தில் எனக்குத் தூக்கம் போனது புண்ணால் மட்டும் இல்லை. புண்ணைப் பார்த்ததும் புதிதாக ஒரு ஏ.எஃப்.ஓ. கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். 'ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது' என்று திரும்பி வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைக்கருவி வழங்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் ஒரு முறை கருவி வாங்கினால் அதே கருவி மறுபடி கிடைக்க மூன்று வருடம் ஆக வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருடம். உங்கள் திட்டமும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஆக, காலைப் புண்ணாக்கிய கருவியும் கணக்கில் ஒரு கருவி. அடுத்த ஆவணி வரை அவளுக்கு வேறு கிடையாது. அந்த வயது வரம்பையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். பெண் பிள்ளைகள் கிடுகிடுவென்று வளர்கிற வயதே பன்னிரண்டை ஒட்டித்தான். பையன்கள் அதற்கும் ஒன்றிரண்டு வருடம் கழித்து. சரியாக அந்த நேரத்தில் ஒரு வருடம் மூன்று வருடமாகிறது. பதின்மூன்று வயதில் வாங்கிய காலோடு பதினைந்து வயதுப் பிள்ளை இடுப்பைச் சாய்த்து நடப்பதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். முதுகும் சேர்ந்து கோணிப்போன பிறகு எங்களிடம் வருகிறார்கள்.

நான் கேட்பவை இவை.

முதலில் அவசரமானது. சித்திரை முகாமில் அளவெடுத்த எல்லாருடைய பெயரும் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். கருவி வந்ததா, போடுகிறார்களா, சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று கேட்டு, பதினைந்து நாளுக்குள் ஆர்த்தோட்டிஸ்ட் முன்னால் வரவழைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளைப் போனில் கேட்டு விட்டுவிடாமல் நேரில் பாருங்கள். அதுவரை சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். பொருந்தாமல் போன கருவியை 'வழங்கப்பட்டது' என்ற கணக்கிலிருந்து நீக்குங்கள். பாப்பாவின் மனுவை இந்த மாதமே மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆர்த்தோட்டிஸ்ட் கட்டாயம் இருக்க வேண்டும். ஃபைலைத் திருத்தி முடித்ததற்கு அவர் கையெழுத்திட வேண்டும். 1992-இல் சட்டம் போட்டுப் பதிவு முறை கொண்டுவந்ததே, தெரிந்தவர் கையில்தான் இந்த வேலை இருக்க வேண்டும் என்பதற்காக. செய்து தரும் மையத்துக்கு மொத்தப் பணத்தையும் பார்சல் அனுப்பிய அன்றே கொடுக்காதீர்கள். ஒரு பங்கை நிறுத்திவைத்து, போட்டுப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை கால் சோதிக்கப்பட்டு, போட்டுக்கொள்கிறவரோ அவர் பெற்றோரோ கையெழுத்துப் போட்ட பிறகு கொடுங்கள். டெண்டரில் இந்த ஒரு வரி வந்தால் மற்ற பலது தானாக வரும்.

சிறு பட்டறைகளின் மானியத்தை நிறுத்தாதீர்கள். பிரிண்ட் எங்கே நடந்தாலும் போட்டுப் பார்க்கிற, ராவித் திருத்துகிற, ஸ்டிராப் மாற்றுகிற இடம் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு ஸ்கேனர் பிடிக்கவும் ஃபைல் திருத்தவும் முறையான பயிற்சி கொடுங்கள், கற்றுக்கொள்கிறோம். ஒவ்வொரு கருவியிலும் எந்தப் பொருள், எவ்வளவு எடை தாங்கும், எந்தச் சோதனை முடிந்தது என்று தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஸ்கேன் ஃபைலை அந்தக் காலுக்குச் சொந்தக்காரரின் கையில் கொடுங்கள். ஊர் மாறினாலும் மையம் மாறினாலும் அது அவரோடு போகட்டும். 18 வயது வரை வருடம் ஒரு முறை என்று விதியை உங்கள் திட்டத்தில் மாற்றுங்கள். மத்திய திட்டத்துக்கும் எழுதுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்குத் துணைக்கருவியை இலவசமாகத் தரச் சொல்வது, பிள்ளையின் காலுக்குப் பொருந்தும் கருவியைத்தான்.

பாப்பாவின் புண் ஆறிவருகிறது. தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருப்பதால் இப்போதைக்கு அச்சு எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஆகும் பி.பி. ஷீட்டை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். அச்சு எடுக்கும் அன்றைக்கு உங்களில் ஒருவர் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் உங்கள் ஸ்கேனரையும் கொண்டுவாருங்கள். காலை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென் மாவட்டப் பட்டறை ஒன்றின் டெக்னீஷியன்